மாங்காய்க் காலமும் கர்க்கிடகமும்

"மருந்து சாப்ட்டியா?" என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு உச்சந்தலை வரை எரிகிறது. அக்கறையாகக் கேட்டால் பரவாயில்லை. எங்கள் வீட்டில் அது அக்கறை இல்லை, வாய்ப்பூட்டு. சாம்பாரில் புளி தூக்கல் என்று சொன்னால், மருந்து சாப்ட்டியா. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரை நம் வாசலை அடைத்து நிறுத்துகிறார் என்று சொன்னால், மருந்து சாப்ட்டியா. டிவியில் ஏதோ வேடிக்கையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தால் அடுக்களையிலிருந்து மன்னியின் தலை எட்டிப் பார்க்கும். அப்போது கேள்வி வாயில் வராது, கண்ணில் நிற்கும்.

சாப்பிடுகிறேன். தவறாமல் சாப்பிடுகிறேன். அதை இங்கேயே எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்களாவது கேட்காமல் இருக்கட்டும்.

எனக்கு இருப்பது பைபோலார், அதில் இரண்டாம் வகை. தமிழில் இருதுருவ மனநிலைக் கோளாறு என்று போட்டிருக்கிறார்கள். துருவமெல்லாம் எனக்குத் தெரியாது. கொச்சியில், எங்கள் மட்டாஞ்சேரியில், பனி பெய்ததில்லை. எனக்குத் தெரிந்தது இரண்டு காலம்தான். மாங்காய்க் காலம், கர்க்கிடக மாசம் என்கிற மழைக்கால ஆடி. என் வியாதி அந்த இரண்டுக்குள்ளேயும் இத்தனை வருஷம் சௌகரியமாகக் குடியிருந்தது. வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

எங்களுக்கு ஊறுகாய், வடாம் வியாபாரம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். அண்ணா கடைகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் போய் ஆர்டர் பிடிப்பான். அவன் பெண்டாட்டி, என் மன்னி, பாட்டிலில் அடைப்பது, ஒட்டுவது, ஆட்களை மேய்ப்பது. உப்பு என்னுடையது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் வீட்டில் உப்பை ஒருத்தர்தான் போடலாம். அளவுப் பாத்திரம் கிடையாது, இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது, ருசி பார்த்துத் திருத்தவும் கூடாது. இரண்டு கை உப்பு விழுந்தால் ஊறுகாய்ப் பரணி கெட்டுப்போகும் என்று நம்பிக்கை. அம்மா இருந்தவரை அம்மா போட்டாள். பிறகு நான். கல்யாணம் ஆகவில்லை, வேலைக்குப் போகவில்லை, நாற்பது தாண்டிவிட்டது. உன்னிடம் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் உப்பு இருக்கிறது என்று சொல்வேன். விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

கும்பம், மீனம், அதாவது மாசி, பங்குனி மாசங்களில் கடுமாங்காய் வரும். மாவடுவைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். அது முடிவதற்குள் மேட மாச வெயில், சித்திரை வெயில், மொட்டை மாடியில் வடாம். அந்த மாசங்களில் எங்கள் வீட்டில் யாருமே ஒழுங்காகத் தூங்குவதில்லை. விடியுமுன் அடுப்பு எரியும், எல்லோருக்கும் கண் சிவந்திருக்கும், எல்லோரும் சிடுசிடுவென்று இருப்பார்கள். என்னைத் தவிர. எனக்கு அது திருவிழா. வேலை செய்யச் செய்ய உடம்பு லேசாகும். பேச்சு பொங்கும். ஒரு பரணிக்கு உப்புப் போடும்போதே அடுத்த நாலு பரணிக்கு யோசனை வந்துவிடும். இஞ்சியும் பேரீச்சம்பழமும் சேர்த்து என்ன, பச்சை மிளகை எலுமிச்சையில் போட்டால் என்ன என்று வாய் ஓயாது. "மாங்கா வந்தா இவளைப் பிடிக்க முடியாது" என்று அண்ணா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவான்.

பிறகு மழை. கர்க்கிடகம். அந்த மாசத்தில் கேரளத்தில் எல்லோருமே சுருண்டுதான் இருப்பார்கள். வெயில் இல்லை, வடாம் இல்லை, வேலை இல்லை. மருந்துக் கஞ்சி, எண்ணெய்க் குளியல், ஓய்வு. நான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். குளிப்பதற்கு எழுந்திருப்பது மலையைப் புரட்டுகிற மாதிரி இருக்கும். மன்னி கஞ்சியைக் கொண்டுவந்து வைப்பாள். "கர்க்கிடகமில்லையா, எல்லாருக்கும் அப்படித்தான்" என்பாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஓணம் வரும்போது எப்படியோ எழுந்துவிடுவேன்.

ஒரு வருஷம் ஓணம் வந்தும் நான் எழவில்லை. வாசலில் பூக்களம் போட ஆளில்லை. உப்பேரிக்கு, அதுதான் நேந்திரங்காய் வறுவலுக்கு, உப்புக் கரைசல் ஊற்றக் கூப்பிட்டபோது எந்தக் கையால் ஊற்றுவது என்று தெரியாமல் அழுதேன். அப்போதுதான் அண்ணா என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். டிப்ரஷன், மனச்சோர்வு என்றார் அவர். மாத்திரை கொடுத்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் கொண்டுபோனது கர்க்கிடகத்தை மட்டும்தான். மாங்காய்க் காலத்தை யாராவது டாக்டரிடம் கொண்டுபோவார்களா? நன்றாக இருந்த மாசங்களுக்கு எதற்கு வைத்தியம்?

மாத்திரையில் மெள்ள எழுந்தேன். அதை நிறுத்தாமல் சாப்பிட்டேன். அடுத்த மாங்காய்க் காலமும் வந்தது.

அந்த வருஷம் நான் நடக்கவில்லை, பறந்தேன். ஒரு நாள் விடிகாலை இடுப்பில் ஒரு பரணியோடு கிளம்பி ஃபோர்ட் கொச்சிக்குப் போய், எதிர்க்கரை வைப்பினுக்குப் போகும் ஜங்காரில் ஏறிவிட்டேன். வண்டிகளையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகுமே, அந்தப் பெரிய படகு. ஏறினவர்களுக்கெல்லாம் கடுமாங்காய் கொடுத்தேன். வைப்பினில் எனக்குச் சொந்தமாக ஒரு சமையல்கூடம் வரப்போகிறது, கடல் காற்றில் வடாம் அரை நாளில் காயும், நீங்களெல்லாம் பங்காளிகள் என்று மீன் விற்கிற பெண்களிடமும் ஆட்டோக்காரர்களிடமும் டிக்கெட் கிழிக்கிறவரிடமும் சொன்னேன். கரை இறங்காமல் அதே ஜங்காரில் திரும்பி வந்து, புது ஆட்களிடம் மறுபடி சொன்னேன். மறுபடியும் போனேன். "மாங்கா கொள்ளாம், சேச்சிக்கு எந்து பற்றி?" என்று ஒரு மீன்காரப் பெண் கேட்டாள். மாங்காய் நன்றாக இருக்கிறது, அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று. அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான். மத்தியானம் வந்து கூட்டிப்போன அண்ணா சிரித்தான். "சீசன் வந்துடுத்து" என்றான்.

அதற்குப் பின்னால் வந்த கர்க்கிடகத்தைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். செத்துப்போக வேண்டும் என்று நினைத்தேன், பல தடவை நினைத்தேன். அதை மன்னியிடம் வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதுதான் என்னைக் காப்பாற்றியது. அன்றைக்கே அவள் அண்ணாவைக் கிளப்பி எறணாகுளத்தில் வேறொரு டாக்டரிடம் கொண்டுபோனாள். மன்னியை இந்தக் கட்டுரையில் நான் நிறையத் திட்டுவேன். ஆனால் இந்த ஒன்றுக்காக அவளுக்கு ஆயுசு நூறு.

இந்த டாக்டர் ஒரு பெண், என்னைவிடச் சின்னவள். சோர்வைப் பற்றிக் கேட்டு முடித்துவிட்டு, "நன்றாக இருக்கும்போது எப்படி இருப்பாள்?" என்று அண்ணாவிடம் கேட்டாள். அண்ணாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவன் மலையாளத்தில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"மாங்கா மாசத்துல இவளைப் பாக்கணும், டாக்டர்! ராத்திரி ரெண்டு மணி நேரம் ஒறங்கினா ஜாஸ்தி. ஒரு வாரம் அப்படியே போகும். பேசிண்டே இருப்பா, பாடிண்டே இருப்பா. மூணு பேர் வேலையை ஒருத்தியா செஞ்சுடுவா. தங்கக் கம்பி!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். என் பக்கம் திரும்பி, "அப்போள் க்ஷீணம் உண்டாயிருந்நோ?" என்று கேட்டாள். அப்போது களைப்பு இருந்ததா?

இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. யோசித்துப் பார்த்தேன். மாங்காய் மாசத்தில் அண்ணாவும் தூங்குவதில்லை, ஆனால் சாப்பிடும்போதே தூங்கி விழுவான். மன்னியும் தூங்குவதில்லை, அதற்காக ஊரையே சபிப்பாள். நான் மட்டும் தூங்காமலேயே பூத்துக் கிடப்பேன்.

"இல்லை" என்றேன். "ஒரு துளிகூட இல்லை."

அண்ணா அதையும் என் பெருமையில் சேர்த்துக்கொள்ளப் பார்த்தான். டாக்டர் சிரிக்கவில்லை. தூக்கம் வராமல் தவிப்பது வேறு, தூக்கமே வேண்டாம்போல் இருப்பது வேறு என்று பொறுமையாகச் சொன்னாள். முதலில் தைராய்டு பார்க்க வேண்டும் என்று ரத்தம் எடுக்கச் சொன்னாள், அதுவும் ஆளை இப்படி ஏற்றி இறக்குமாம். அது சரியாக இருந்தது. பிறகுதான் பிரித்துச் சொன்னாள். சிலருக்கு இறக்கம் மட்டும் வரும், அது வெறும் மனச்சோர்வு. சிலருக்கு வருஷக்கணக்கில் சின்னச் சின்ன ஏற்றமும் இறக்கமுமாகவே ஓடும், எதுவும் முழுதாகப் பொங்காது, அதற்கு வேறு பெயர். சிலருக்கு ஏற்றம் வந்தால் உலகத்தோடு பிடியே விட்டுப்போகும், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும், அது முதல் வகை. எனக்கு ஏற்றம் அவ்வளவு தூரம் போகாது, வீட்டு வேலைக்குள் அடங்கிவிடும், அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. இறக்கம்தான் ஆழம். இது இரண்டாம் வகை. சோர்வுக்கான மாத்திரையைத் தனியாகச் சாப்பிட்டால் என்னைப் போன்றவர்களில் சிலரை அது மேலே தூக்கிவிடக்கூடும் என்றாள். ஜங்கார் ஞாபகம் வந்தது.

திரும்பும் வழியில் தோப்பும்படி பாலத்தில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தபோது மன்னி பெருமூச்சு விட்டாள். "இரண்டாம் வகைதானே. பாதி வியாதின்னு வெச்சுக்கோயேன். நல்லவேளை, உன் சித்தப்பா மாதிரி இல்லை."

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. நான் பள்ளிக்கூடம் போகும்போது எங்களோடு இருந்தார். ஒரு வருஷம் திடீரென்று, கொச்சி ராஜா கனவில் வந்து தன்னைத் திவானாக நியமித்துவிட்டதாகச் சொன்னார். பஜாரில் நடுத்தெருவில் நின்று சுக்கு மூட்டை லாரிகளை எந்தத் தெருவில் விட வேண்டும் என்று உத்தரவு போட்டார். டிரைவர்கள் முதல் நாள் சிரித்தார்கள், இரண்டாம் நாள் அடித்தார்கள். "பிராந்து", பைத்தியம், என்று வீட்டில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு மாடி அறையில் பூட்டினார்கள். கேட்டவர்களிடம் திருச்சூர் போயிருக்கிறார் என்றார்கள். மேலே அவர் உத்தரவு போடுவது கீழே கேட்கும். பிறகு ஒரு நாள் கேட்கவில்லை. கடைசிவரை அவர் அதிகம் பேசாமலே இருந்து போய்ச் சேர்ந்தார். அவருக்கு இருந்தது முதல் வகை என்று நான் இப்போது நினைக்கிறேன். எந்த டாக்டரும் பார்க்காதவருக்கு வகை சொல்ல நான் யார் என்று கேட்கலாம். பூட்டினவர்கள் யார் என்று நானும் கேட்கலாம்.

"சித்தப்பாவுக்கு என்ன கொறைச்சல்?" என்று ஆட்டோவிலேயே கத்தினேன். "அவருக்கு வந்தது ஒண்ணு, எனக்கு வந்தது ரெண்டு. அவரைப் பூட்டினேள். என்னை மெச்சினேள். ரெண்டும் தப்பு." பாதி வியாதியாம்! வருஷத்தில் பாதியைச் சுவரைப் பார்த்துக் கழித்தவளிடம் சொல்கிற பேச்சா? அவரைக் காட்டி என்னைத் தேற்ற நான் விடமாட்டேன். நல்ல பைத்தியம், கெட்ட பைத்தியம் என்று இரண்டு வரிசை போட்டு எனக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி கொடுத்தால் உட்கார மாட்டேன்.

புது மாத்திரை லித்தியம். அதுவும் ஒரு வகை உப்புதான் என்றாள் டாக்டர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிக்கடி ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது என்றாள். மன்னியின் காதில் இதில் கடைசி மட்டும் விழுந்தது, அதுவும் கோணலாக. அடுத்த மாங்காய்க் காலம் தொடங்கின அன்று நான் உப்பு ஜாடியைத் தேடினேன். அது மன்னியின் அலமாரிக்குள் இருந்தது.

"டாக்டர்தான் சொன்னாளே, உப்பைப் பாத்து நடந்துக்கணும்னு. நீ இனிமே உப்பைத் தொடாதே. இந்த வருஷம் நான் போட்டுக்கறேன்."

"சாப்பிடற உப்பைச் சொன்னா, மன்னி. பரணியில போடற உப்பை இல்லை."

"எதுக்கு வம்பு? உனக்கும் ரெஸ்ட் ஆச்சு."

அண்ணாவைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான். அப்போதுதான் புரிந்தது, உப்பு ஒரு சாக்கு. அவர்களுக்குப் பயம். முன்பெல்லாம் தங்கக் கம்பியாக இருந்தவள் இப்போது மின்சாரக் கம்பி. சித்தப்பாவுக்குப் பூட்டின அறை, எனக்குப் பூட்டின ஜாடி. வேறு என்ன வித்தியாசம்?

அந்தக் கும்ப மாசம் முழுக்க நான் காம்பு நறுக்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. எதிர்வீட்டு அம்மாள் வந்து, "எனக்கும் காலையில ஒரு மூடு, சாயங்காலம் ஒரு மூடு. நானும் அதுதான் போலிருக்கு" என்று சிரித்தாள். ஒரு நாளைக்குள் ஏறி இறங்குவது மனுஷர்கள் எல்லோருக்கும் இருக்கும், மாமி, எனக்கு வந்தால் வாரக்கணக்கில் நிற்கும், ஆளையே மாற்றிவிடும் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஒரு நாளில் அண்ணாவுக்கு வருகிற கோபத்துக்குக் கணக்கே இல்லை, அவனை யாரும் மருந்து சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. ஒரு தடவை நான் கேட்டுப் பார்த்தேன். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டான்.

மீன மாசத்தில் ஒரு காலை ஆலுவா பக்கத்திலிருந்து மாங்காய்க்காரர் லோடு கொண்டுவந்தார். கடுமாங்காயை மரத்திலிருந்து கையால் காம்போடு பறிக்க வேண்டும். கீழே விழுந்ததைப் போட்டால் உள்ளே கன்றி அழுகி, ஒரு காய் பரணி முழுவதையும் கெடுத்துவிடும். கூடையில் கை விட்டேன். மேலே காம்போடு அழகாக இருந்தது. அடியில் காம்பே இல்லை, ஒரு பக்கம் அமுங்கியிருந்தது, விரலில் மண் ஒட்டியது.

"இது தரையில் வீணதல்லே?" என்று கேட்டேன். விழுந்து பொறுக்கினதுதானே?

"சேச்சி, எல்லாம் பறிச்சதா", எல்லாம் பறித்ததுதான், என்றார் அவர், என்னைப் பார்க்காமல், அண்ணாவைப் பார்த்து.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கத்தினேன். கூடையைத் தலைகீழாகத் தரையில் கொட்டினேன். பொறுக்கினதைப் பறித்ததென்று தலையில் கட்ட எங்கள் வீடுதானா கிடைத்தது, இத்தனை வருஷம் இந்தக் கை அறியாத காயா என்று மலையாளத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கேட்டேன். தெரு ஜன்னல்கள் திறந்தன. அண்ணா ஓடிவந்து என் தோளைப் பிடித்தான். தாழ்ந்த குரலில் கேட்டான்.

"மருந்து சாப்ட்டியா?"

அவன் கையை எடுத்துவிட்டேன். கத்தாமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"சாப்ட்டேன். ராத்திரி நன்னா ஒறங்கினேன். மாங்கா அழுகல்."

மூன்றும் உண்மை. ஒன்று இன்னொன்றைப் பொய்யாக்காது. இதைப் புரியவைக்க எனக்கு இத்தனை வருஷமும் ஒரு கூடை மாங்காயும் தேவைப்பட்டது. அண்ணா குனிந்து ஒரு காயை எடுத்து அமுக்கினான். இன்னொன்றை எடுத்தான். பிறகு மாங்காய்க்காரரிடம், "திரிச்சு கொண்டுபொய்க்கோளூ" என்றான். திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள் என்று. மன்னி உள்ளே போய் அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. உப்பு ஜாடி அடுக்களை மேடையில், அது எப்போதும் இருக்கிற இடத்துக்கு வந்தது. மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கு வந்த அடுத்த லோடுக்கு நான்தான் உப்புப் போட்டேன்.

இங்கேயே நிறுத்தினால் எனக்குத்தான் நல்லது, ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் மேடம் வந்தது, வடாம் வந்தது, மாத்திரையை மீறி அதுவும் மெள்ள வந்தது.

முதலில் நிறங்கள் கூடின. மாடியில் விரித்த வெள்ளை வேட்டியைப் பார்த்தாலே சந்தோஷமாக இருந்தது. தலைக்குள் யோசனைகள் வரிசையில் நின்றன. வைப்பின் சமையல்கூடம் மறுபடி ஞாபகம் வந்தது, அது அப்படியொன்றும் பைத்தியக்கார யோசனை இல்லையே என்று தோன்றியது. ஒரு நாள் சரியாகத் தூங்கவில்லை. மறுநாளும் தூங்கவில்லை. விடிகிறபோது எழுந்து உட்கார்ந்து என்னையே கேட்டுக்கொண்டேன்: க்ஷீணம் உண்டோ? இல்லை. ஒரு துளிகூட இல்லை.

மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இது என் சந்தோஷம், இத்தனை கர்க்கிடகத்துக்கு எனக்கு வரவேண்டிய பாக்கி, எதற்கு இதை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்? சொன்னால் ஜாடி மறுபடி அலமாரிக்குள் போகும். போராடி வாங்கினதை நானே திருப்பிக் கொடுப்பதா? வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுத்தவர்கள் என்னைப் பார்த்து இது வியாதி என்று சொன்னபோதெல்லாம் சண்டை போட்டேன். போட்டதில் தப்பே இல்லை. ஆனால் சொல்லும் உரிமை எனக்குத்தான் என்றால், சொல்ல வேண்டிய நாளில் நான்தான் சொல்லவேண்டும். டாக்டர் கொடுத்திருந்த நம்பருக்குப் பேசினேன். மத்தியானமே வரச் சொன்னார்கள்.

மாடிக்குப் போனேன். மன்னி வெந்த அரிசிக் கூழைக் கிளறிக்கொண்டிருந்தாள். உப்புப் போடுகிற நேரம். ஜாடியை என் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னிக்கு நீங்கோ போடுங்கோ, மன்னி" என்றேன்.

"என்னத்துக்கு? மருந்து..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டாள்.

"சாப்ட்டேன். ஒறங்கலை. க்ஷீணமும் இல்லை. டாக்டர்கிட்ட நானே பேசியாச்சு, மத்தியானம் போறேன். என் கைமேல எனக்கே இன்னிக்கு நம்பிக்கை இல்லை."

மன்னி என்னை வெகுநேரம் பார்த்தாள். எட்டிப் பார்க்கிற பார்வை இல்லை. பிறகு ஜாடிக்குள் கை விட்டு ஒரு பிடி அள்ளினாள். ஜாடியை அலமாரிக்குக் கொண்டுபோவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் பிடியைத் திறந்து, கூழின் ஆவிக்கு மேலே, என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இது மதியா?" என்று கேட்டாள். போதுமா?

கூழில் சரியாக இருந்தால் காய்ந்த பிறகு கரிக்கும். இரண்டு நாள் தூங்காவிட்டாலும் எனக்குத் தெரியும் அது. அவள் உள்ளங்கையைப் பார்த்தேன்.

"கொஞ்சம் குறைச்சுக்கோங்கோ" என்றேன். "காஞ்சா ஏறும்."

மன்னி கையிலிருந்து கொஞ்சத்தை ஜாடியில் திருப்பிப் போட்டாள். மறுபடி என்னிடம் காட்டினாள். நான் தலையசைத்த பிறகுதான் கூழில் போட்டாள்.